தலைவாசல் தண்ணீர்ப் பக்கம்

கேள்வி: வெனிஸுக்குக் காரில் போகலாமா?

பதில்: வாசல்வரை போகலாம். 1933-இல் திறந்த லிபெர்த்தா பாலம் உங்களைப் பியாட்சாலே ரோமா சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். அத்தோடு சாலை தீர்ந்தது. இனி நடை, இல்லையேல் படகு. அங்கே காருக்கு உள்ள ஒரே வேலை நிற்பது. அதற்கும் காசு! நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் காரை விட்டுவிட்டு ரயிலேறுங்கள். பத்தே நிமிடம்.

கேள்வி: விமானத்தில் வந்தால்?

பதில்: பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிவைத்த மார்க்கோ போலோவின் பெயர்தான் விமான நிலையத்துக்கும். அவசரம் என்றால் பஸ். அரை மணிக்குள் பியாட்சாலே ரோமா. ஆசை என்றால் படகு. சான் மார்க்கோ சதுக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். டிக்கெட் மலிவாக இருந்தால், இறங்கும் இடம் த்ரெவீஸோவா என்று பாருங்கள். அது வேறு ஊர், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி.

கேள்வி: பெரிய சொகுசுக் கப்பலில் சான் மார்க்கோ முன்னால் போய் இறங்க ஆசை!

பதில்: 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியே போகத் தடை. நல்ல முடிவு. சேற்றில் அடித்த மரக்கம்பங்கள் தாங்கி நிற்கும் ஊர் அது. நம் ஆசையைவிட அதன் அஸ்திவாரம் பெரிது.

கேள்வி: சரி, உங்கள் ஓட்டு எதற்கு?

பதில்: ரயிலுக்கு! ரோமிலிருந்து சுமார் 4 மணி நேரம், மிலானிலிருந்து இரண்டரை. கடைசியில் 1846-இல் திறந்த ரயில் பாலம், இருபுறமும் தண்ணீர். சாந்தா லூச்சியா நிலையத்தின் படியிறங்கினால் எதிரே பெருங்கால்வாய். உடனே 1-ஆம் எண் வாப்பொரெத்தோ படகில் ஏறுங்கள். 2-ஆம் எண் வேகமாகப் போகும். முதல் தடவை வருகிறவருக்கு வேகம் எதற்கு? அங்கே மாளிகைகளின் தலைவாசல் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கிறது. தெருவழியே போனால் கொல்லைப்புறம்தான் தெரியும். எதில் வந்தாலும் கடைசிப் பயணம் படகில் இருக்கட்டும்.

கேள்வி: ரயிலில் கவனிக்க வேண்டியது?

பதில்: ‘வெனேசியா மெஸ்த்ரே’ என்ற பலகையைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்காதீர்கள். ‘வெனேசியா சாந்தா லூச்சியா’ வரும்வரை பொறுங்கள். சில ரயில்கள் மெஸ்த்ரேயோடு வேறு பக்கம் திரும்பிவிடும்; டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

பதில்: ஊருக்குள் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. பெட்டியின் சக்கரம் படியேறாது. ஒரு கையால் தூக்க முடிகிற அளவே உங்கள் அளவு.