பெயரை விற்ற ஊர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 25ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்களை ஒரு பலகை மிரட்டும்: 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்'. உண்மையைச் சொல், இல்லாவிட்டால் நடப்பதை அனுபவி! காவல் நிலையத்தின் பின்னறைக்கு வழிகாட்டுகிறார்களோ என்று பதற வேண்டாம். முதுகுவலிக்காரர்கள் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகும் ஊர்தான் அது.

1950 வரை அதற்கு ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஒழுங்கான பெயர் இருந்தது. சிக்கலே அதுதான். வெந்நீர் ஊறும் இடத்துக்கெல்லாம் அமெரிக்கர்கள் அதிகம் யோசிக்காமல் வைக்கும் பெயர் அது. அதிலும் பேரும் புகழும் ஆர்க்கன்சா ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு. இந்த ஊருக்குக் கடைசிப் பந்தி.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ரால்ஃப் எட்வர்ட்ஸ். 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்ற வானொலி நிகழ்ச்சியை நடத்தியவர். கோணல்மாணலாக ஒரு கேள்வி கேட்பார். விழிக்கிற ஆளைக் கோமாளித்தனம் ஏதாவது செய்ய வைப்பார். நிகழ்ச்சிக்கு 10 வயதானபோது, இதன் பெயரைச் சூட்டிக்கொள்ளும் ஊரிலிருந்தே ஒலிபரப்புவேன் என்றார். கேக் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஹாட் ஸ்பிரிங்ஸ் தேர்தலே நடத்திவிட்டது. பெயர் மாற்றக் கட்சி அமோக வெற்றி! ஒலிபரப்பு நடந்த நாள் ஏப்ரல் 1. தேதி குறித்தவருக்கு மனசாட்சி இருந்திருக்கிறது.

போதை தெளிந்தபின் 1964-லும் 1967-லும் மறுபடி ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் இந்தப் பெயரே போதும் என்றுதான் தீர்ப்பு. எட்வர்ட்ஸும் ஓட்டு வாங்கியதும் மறைகிற ரகமில்லை. மே மாதத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். முழுப்பெயரைச் சொல்ல ஊர்க்காரர்களுக்கே பொறுமையில்லை. 'டி ஆர் சி' என்று முடித்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தொழிலின் மூதாதை வேல்ஸில் இருக்கிறது. ஆங்கில்ஸி தீவில் லான்ஃபேர் என்று தொடங்கும் கிராமம், ரயில் பயணிகளை இழுப்பதற்காக 1860களில் தன் பெயரை 58 எழுத்துக்கு நீட்டிக்கொண்டது. இன்றும் பயணிகள் இறங்குகிறார்கள், பலகையின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

டெக்சாஸின் கிளார்க் என்ற குட்டி ஊருக்கு அந்த அளவு கற்பனைகூடத் தேவைப்படவில்லை. 2005-ல் ஒரு செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தின் பெயரை அப்படியே எடுத்து, 'டிஷ்' ஆகிவிட்டது. கூலி: வீட்டுக்கு வீடு 10 ஆண்டுக்கு இலவச டிவி. அந்த 10 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஊர் இன்னமும் டிஷ்தான். இப்போது ஓசியில் ஓடுவது நிறுவனத்தின் விளம்பரம்.