மவுஸால் கண் திறப்பவர்

மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் ஸ்டூலில் வந்து அமர்ந்ததுமே, "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம் சார்" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஆறுதல் கூறும் ஸ்டுடியோக்காரர், எழாத ஐயத்துக்கு விடையளிக்கும் அரிய மனிதர். வந்தவர் எதையும் கேட்டிருக்கமாட்டார். தம் இரு வில்லைகளிலும் வெள்ளைக் குடை விளக்கு ஒன்று, கம்பிகளை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குத் துலக்கமாக விரிந்து நிற்பதை அவர் அறியவும்மாட்டார். அறிந்தவர் ஸ்டுடியோக்காரர் ஒருவரே. அறிந்தும் விளக்கை அசைக்காதவரும் அவரே.

விளக்கை அசைக்காமை இவரிடம் சோம்பலன்று, கொள்கை. ஒளி ஒரு பரப்பில் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் மறுபுறம் திரும்பும் என்பது பள்ளிப் பாடமாதலால், கேமராவை ஒட்டி முகத்துக்கு நேரே நிற்கும் விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுக் கேமராவுக்கே வந்து சேரும் என்பதையும், அவ்விளக்கை ஒரு முழம் உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளினால் திரும்பும் ஒளி கேமராவைத் தொடாமல் கீழே போய்விடும் என்பதையும் அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. விளக்கை உயர்த்த மனமில்லையெனில் அமர்ந்திருப்பவரின் தாடையைச் சற்று இறக்கச் சொல்லலாம். அல்லது கண்ணாடியின் இரு காம்புகளையும் காதுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கி வைத்து, வில்லைகள் கீழ்நோக்கிச் சாயும்படி செய்யலாம். இவற்றில் எதற்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் விளக்குத் தண்டின் திருகு என்றோ துருவேறி இறுகிவிட்டது. தண்டின் அடியில் ஒயர்களும், ஒயர்களின் மேல் செல்லோடேப்பும், அதன் மேல் குழந்தைகளுக்குக் காட்டும் கிலுகிலுப்பையும் குடியேறி ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், விளக்கை நகர்த்துவது ஒரு குடும்பத்தையே வீடு மாற்றுவதற்கு ஒப்பான செயலாகிவிட்டது.

வாடிக்கையாளர்களில் சிலர் இதற்கு முன்னேற்பாட்டுடன் வருவதுண்டு. பூச்சில்லாத வில்லை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை முன்பரப்பிலும் அதே அளவைப் பின்பரப்பிலும் திருப்பியனுப்பும். பவர் கூடியவர்கள் கனத்துக்கு அஞ்சி வாங்கும் மெல்லிய வில்லைகளில், அதாவது ஒளிவிலகல் எண் 1.67 என்ற அளவில் உள்ளவற்றில், இவ்விழப்பு மொத்தத்தில் 12 விழுக்காட்டையும் எட்டும். 1935ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, தன் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு செய்வதன்மூலம் இதைப் பெருமளவு குறைக்கிறது. எனினும் எல்லா நிறங்களும் ஒருசேர அழிவதில்லை. எஞ்சியது பச்சையாகவோ ஊதாவாகவோ வில்லையில் தங்கும். கூடுதல் பணம் கொடுத்து ஏஆர் கோட்டிங் போட்டிருப்பதாக ஒருவர் பெருமையுடன் அறிவிக்கும்போது, "பச்சைதான் சார் ரொம்ப ஈஸி" என்கிறார் இவர்.

கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிக் காணவேண்டும். முன்னோர்கள் நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் செய்துவந்த டச்சப் வேலையை 1990இல் வெளிவந்த போட்டோஷாப் திரைக்குக் கொண்டுவந்தது. 2002இல் அதன் ஏழாம் பதிப்பில் ஹீலிங் பிரஷ், அதாவது அருகிலுள்ள தோலின் இழையமைப்பை எடுத்து, பூசும் இடத்தின் நிறத்துக்கும் ஒளிக்கும் இசையப் பரப்பும் கருவி, வந்து சேர்ந்தது. கன்னத்து ஒளித்திட்டுக்கு அது போதும். கண்ணையே வெள்ளை மூடிவிட்ட இடத்திலோ எடுத்துப் பரப்ப அருகில் எதுவும் இல்லை. அடியிலும் ஒன்றும் இல்லை. கோயில் சிலைக்கு இறுதியில் கண் திறக்கும் ஸ்தபதியின் பொறுப்பு இவ்விடத்தில் ஸ்டுடியோக்காரரின்மேல் விழ, அவரும் தயங்காமல் மவுஸை எடுத்துக்கொள்கிறார்.

ஒரு கண் தப்பியிருந்தால் அதையே நகலெடுத்து, இடவலம் மாற்றி, மறுபக்கம் ஒட்டிவிடுகிறார். உயிர்க்களை தருவது கருவிழியில் விழும் விளக்கின் சிறு ஒளிப்புள்ளி. அதுவும் சேர்ந்து இடம் மாறுவதால், அமர்ந்திருந்தவருக்கு இடப்பக்கம் ஒரு சூரியனும் வலப்பக்கம் மற்றொரு சூரியனும் உதித்துவிடுகின்றன. இரு கண்களும் போயிருந்தாலோ, 'ஐஸ் நியூ' என்று பெயரிட்ட கோப்புறை திறக்கப்படுகிறது. பல்லாண்டுகளாகச் சேகரித்த, கண்ணாடி அணியாதோரின் கண்கள் அதில் அளவுவாரியாக உள்ளன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரிசி மண்டிக்காரர், வார்டு கவுன்சிலர் மூவரும் ஒரே பார்வை பார்ப்பதன் காரணம் இதுவே. அப்பார்வை மூவரில் எவருடையதும் அன்று. மைனஸ் பவர் வில்லை அதன் பின்னாலுள்ள கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். கன்னத்தின் விளிம்பையும் வில்லைக்குள் ஓரடுக்கு உள்தள்ளிக் காட்டும். ஒட்டிய கண்ணுக்கு இக்கட்டுப்பாடு ஏதும் இல்லாமையால் அது ஃபிரேமை நிறைத்துக்கொண்டு விழிக்கிறது. வீட்டில் படத்தைப் பார்த்த மனைவி, "யாருங்க இது?" என்கிறார்.

இத்தனைக்கும் இவர் வேலை தெரியாதவர் அல்லர். மறைந்த பெரியவர் ஒருவரின் படம், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எவரோ போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்ததாக, வில்லை முழுக்க வெள்ளையாக வந்து சேரும்போது இவர் வேறு மனிதராகிவிடுகிறார். பழைய அடையாள அட்டை, கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் என்று இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, இமை எவ்வளவு இறங்கியிருக்கும், எந்தக் கண் சற்றுச் சிறியது என்று மகனிடமும் மகளிடமும் தனித்தனியே விசாரித்து, கடை அடைத்த பின்னும் திரைக்கு முன் அமர்ந்திருப்பார். அந்தக் கோப்புறை அன்று திறக்கப்படுவதில்லை. இவ்வளவு கையுள்ள ஒருவர், உயிரோடு வந்து எதிரில் உட்கார்ந்திருப்பவருக்காக ஒரு திருகில் இரண்டு சொட்டு எண்ணெய் விட மறுப்பது ஏன் என்பதற்கு எவ்வகையிலும் சமாதானம் சொல்ல முடியவில்லை.

2016 நவம்பர் 1 முதல் அமெரிக்கா தன் விசா, பாஸ்போர்ட் படங்களில், மருத்துவக் காரணம் இருந்தாலன்றிக் கண்ணாடி கூடாது என்று அறிவித்தது இவருக்குப் பெரிய வரமாக அமைந்தது. ரேஷன் கார்டுக்கு வந்தவரிடமும், அறுபதாம் கல்யாணத்துக்கு மாலையும் கழுத்துமாக நிற்பவரிடமும், "கழட்டிருங்க சார், அமெரிக்காவுலயே கழட்டத்தான் சொல்றான்" என்கிறார். மைனஸ் ஆறு பவர்க்காரர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய சிவந்த குழிகள் தெரிகின்றன. "லென்ஸப் பாருங்க சார்" என்று ஆணை பிறக்கிறது. லென்ஸ் மட்டுமன்று, கேமராவும் ஸ்டுடியோக்காரரும் அவருக்கு ஒரே மங்கலாகிவிட்டமையால், குரல் வந்த திக்கை உத்தேசித்து அவர் புன்னகைக்கிறார்.