முந்தானைக்குப் பின்: நொச்சிக்குப்பத்து ஏப்ரன் பற்றி ஒரு முன்னோடி ஆய்வு

தமிழர் பானை ஓட்டை ஆராய்ந்துவிட்டனர். ஓட்டில் கீறிய எழுத்தை ஆராய்ந்துவிட்டனர். தாழிக்குள் கிடந்த நெல்லையும் விட்டுவைக்கவில்லை. சூடான பானையை இறக்கியவள் கையை எதில் துடைத்தாள் என்ற கேள்வி மட்டும் எந்தக் கருத்தரங்கிலும் எழுந்ததில்லை. மண்ணுக்குள் பானை நிற்கும், துணி மக்கிவிடும். கீழடியில் நூல் நூற்ற தக்களிகள் கிடைத்தன; அந்த நூலால் நெய்ததைக் கட்டிக்கொண்டு யார் குழம்பு வைத்தார்கள் என்று தக்களி சொல்லாது. ஆகவே இத்துறைக்கு அகழாய்வு உதவாது. உயிரோடு இருப்பவர் இடுப்பில் கட்டியிருக்கும்போதே ஆராய்ந்தால்தான் உண்டு.

களமாக நொச்சிக்குப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டது. மெரினாவின் தென்கோடி, கலங்கரை விளக்கத்துக்கும் சாந்தோமுக்கும் நடுவில், லூப் சாலை ஓரம். தேர்வுக்குக் காரணம் இரண்டு. உடுத்தியிருப்பதை மீனைப் போல் சோதிக்கும் உணவுப்பொருள் வேறில்லை: செதில் தெறிக்கும், ரத்தம் கசியும், கழுவிய தண்ணீர் வழியும், மசாலா ஒட்டும், இத்தனைக்கும் தப்பியதை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, ஆய்வாளரின் பெரியம்மா வீடு அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக் காலத்தில் சாப்பாட்டுச் செலவு கிடையாது. பெரிய நல்கை பெற்ற ஆய்வுகளும் களத்தை ஏறக்குறைய இப்படித்தான் தேர்கின்றன. முன்னுரையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

இலக்கியச் சான்று ஒன்றே ஒன்று. அதுவே போதும். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. மகளின் புதுக்குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்றவளிடம் அறிக்கை கொடுக்கிறாள். பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைந்தாளாம். பிசைந்த விரலை உடுத்தியிருந்த சேலையிலேயே துடைத்தாளாம். அதைத் துவைக்காமல் உடுத்தியபடியே, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிப்பாகக் குழம்பு வைத்தாளாம். கணவன் ருசித்துச் சாப்பிட, அவள் முகம் நுணுக்கமாக மலர்ந்ததாம். மலர்ந்த முகத்தைப் பற்றி நம் உரைகாரர்கள் எழுதாதது பாக்கி இல்லை. சேலையின் கதி என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை.

அவள் ஒரு ஏப்ரன் கட்டிக்கொண்டிருக்கலாமே எனின், அற்றன்று. கட்டியிருந்தால் சேலை சுத்தமாக இருந்திருக்கும். சேலை சுத்தமாக இருந்தால், சமைத்தது வேறு யாரோ என்று பெற்றவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். செவிலி எத்தனை சத்தியம் செய்தாலும் எடுபடாது. அந்த வீட்டில் நடந்த சமையலுக்கு ஒரே சாட்சி கறைதான். இதிலிருந்து இக்கட்டுரையின் கோட்பாடு பிறக்கிறது: கறையைத் தடுப்பது ஏப்ரனின் வேலை என்பார் மேலோட்டமாகப் பார்ப்பவர். கறையை ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே அதன் வேலை.

இனி வரலாறு. முந்தானையைத் துணியின் ஒரு முனை என்று நினைப்பது பிழை. அது ஒரு தனி இலாகா. கை துடைத்தது, சட்டி இறக்கியது, பிள்ளைக்கு மூக்குச் சிந்தியது, சில்லறை முடிந்தது, மழைக்குத் தலையில் ஏறியது, அழுகையை மறைத்தது. இத்தனை பொறுப்பும் வகித்த உறுப்பு நைட்டியில் இல்லை. நைட்டி வந்தபோது அதன் காற்றோட்டத்தைப் புகழ்ந்தவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. சென்னைக் கரையோரம் கண்டுபிடித்த மாற்று, நைட்டி மேல் ஒரு துண்டு. வாசலில் பெரியவர் வந்தால் மாரில் கிடக்கும், அடுப்பங்கரையில் கைக்கு வரும். ஆனால் அருவாமனை முன் குனிந்தால் துண்டு நழுவி மீனோடு சேர்ந்துகொள்கிறது. ஒரே துண்டு மானத்தையும் காத்து மீனையும் துடைப்பது நடக்கிற காரியமில்லை. இந்த நெருக்கடியில்தான் பெரியம்மா வீட்டு ஏப்ரன் தோன்றியது. பெரியம்மாவின் மாமியாரான ஆயாவின் நைட்டிக் காலத்தில் என்பது குடும்ப மரபு.

கடையில் விற்கும் ஏப்ரனைக் குப்பத்தில் காட்டினேன். "இன்னா இது, ஓட்டல் சர்வர் மாதிரி?" என்று ஒரே வரியில் பெரியம்மா ஆய்வை முடித்துவிட்டார். புதுத் துணியை வெட்டி ஏப்ரன் தைப்பது அங்கே ஊதாரித்தனம். காரணம், துணிகளுக்கு ஓர் இறங்குமுறை உண்டு: கோயிலுக்குக் கட்டிய சேலை வீட்டுச் சேலையாகும், வீட்டுச் சேலை தூளியாகும், தூளி ஏப்ரனாகும், ஏப்ரன் கரித்துணியாகும், கரித்துணி கால்மிதியாகி முக்தி அடையும். பிள்ளையைத் தாங்கிய பிறகு, சட்டியைத் தாங்குவதற்கு முன், ஏப்ரன் நிற்கிறது. படி தாண்டி நேராக ஏப்ரனாக வரும் உரிமை ஆண்களின் கைலிக்கு மட்டும் உண்டு.

கைலியைக் குறைவாக எடைபோட வேண்டாம். அதன் கட்டத்துக்கு உறவுமுறையான மெட்ராஸ் செக் துணியை 1958இல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் சட்டைகளாகத் தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் ஓட, வாங்கியவர்கள் கொதித்தார்கள். பிறகு சாயம் ஓடுவதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்து விற்றார்கள் என்பது ஜவுளி வரலாற்றில் பேர்போன கதை. நம் வீட்டில் சாயம் ஓடினால் கடைக்காரனைத் திட்டிவிட்டு அடுத்த வாரம் ஏப்ரன் தைத்துவிடுவோம். அமெரிக்கருக்கு அந்தப் படி தெரியவில்லை. பொங்கலுக்கு அரசு தரும் விலையில்லாச் சேலையும் ஏப்ரன் ஆவதுண்டு. அந்தத் திட்டம் எம்.ஜி.ஆர். காலத்தில், 1983இல் தொடங்கியது. எந்தப் பொங்கலுக்கு வந்த சேலை என்று கரையைப் பார்த்தே பெரியம்மா சொல்வார். சரிபார்க்க வழியில்லாததால் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

தைப்பவர் யார்? இங்கே ஆய்வு எதிர்பாராத திசையில் திரும்புகிறது. தையல் பெண்களின் கலை என்பது மயிலாப்பூர்க் கருத்து. குப்பத்தில் ஊசி ஆண்கள் கையிலும் உண்டு. மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியால் கிழிசலை மூடுவார்கள். கண் அளவு பிசகினால் மீன் போய்விடும். ஆகவே எந்தத் தையற்கடையிலும் இல்லாத கறார் அந்தக் கைகளுக்கு உண்டு. ஆயாவின் ஏப்ரனுக்கு நாடா வைத்தவர் பெரியப்பா. ஆயா அவருக்குத் தாய். நைலான் நூலை முறுக்கி, கைலித் துணியோடு வலை முடிச்சால் பிணைத்துவிட்டார். அது ஈரத்தில் இன்னும் இறுகும் முடிச்சு. அடுக்களையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கழுத்து நாடாவின் நீளம் ஆயாவின் உயரத்துக்கு நின்றுவிட்டது. ஆயாவை விட ஒரு சாண் உயரமான பெரியம்மாவுக்கு அந்த ஏப்ரன் தாடைக்குக் கீழேயே தொடங்குகிறது. குழம்பு தெறிக்கும் இடுப்புக்குப் பாதுகாப்பு இல்லை. நாடாவை நீட்டினால் என்ன என்று கேட்டேன். "அவுக்க வரல. அறுக்க மனசு வரல. வுடு." பெரியப்பா இறந்த பிறகும் அவர் போட்ட அளவிலேயே வீட்டில் சமையல் நடக்கிறது. அறுத்துத் தைத்தால் ஐந்து நிமிட வேலை என்று வாதிடுவோர் உளர்; அவர்கள் பெரியப்பாவைப் பார்த்ததில்லை.

அடுத்து, கறைக் காலக்கணிப்பு. தொல்லியலார் மண் அடுக்கைப் படிப்பதுபோல் ஏப்ரன் அடுக்கைப் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கறையின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் கறை நம்பத்தகாதது. சோப்புப் பட்டதும் கோபம் வந்ததுபோல் சிவக்கும், வெயிலில் உலர்த்தினால் வெளிறிக் காணாமல் போகும். மஞ்சள் தெரிந்தால் அது போன வாரம் என்று கொள்க. வாழைப்பூ, வாழைக்காய் நறுக்கிய பால் நேர்மாறு: முதலில் தெரியவே தெரியாது, காற்றுப்பட்டுக் கறுத்த பிறகு துணி கிழிந்தாலும் அது போகாது. கடம்பா என்னும் கணவாயின் மையில் இருப்பது மெலனின். நம் தலைமுடிக்குக் கருமை தரும் அதே நிறமி. தண்ணீரில் கரையாது. முடியாவது நரைக்கும், கடம்பா மை நரைப்பதைப் பார்த்தவர் இல்லை. நாற்றமும் ஒரு சான்றுதான். மீன் நாற்றத்துக்குக் காரணமான அமீன் வகைப் பொருள்கள் புளிக்கும் எலுமிச்சைக்கும் அடங்கும். சுறாவின் சதையில் யூரியா இருப்பதால், நாள்பட்டால் அது அம்மோனியாவாகி மூக்கில் ஏறும். சுறாப்புட்டு செய்த நாளைக் கண்டுபிடிக்க ஆய்வாளருக்குக் கண்ணே தேவைப்படவில்லை.

ஆண்டு வளையம் போன்ற ஒன்றும் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. கட்டுமரத்துக்கும் பைபர் படகுக்கும் தடை இல்லை. ஆகவே அந்த நாட்களில் குப்பத்து மீனுக்குக் கிராக்கி. நல்ல மீனெல்லாம் விற்பனைக்குப் போகும், வீட்டுச் சட்டிக்கு நெத்திலியும் கவளையும் காரப்பொடியும் மிஞ்சும். பொடி மீன் ஆய்ந்தால் கறை பெரிதாக விழாது, புள்ளி புள்ளியாக விழும். ஏப்ரனில் புள்ளி அடர்ந்த பகுதி கோடை என்பது என் துணிபு. பெரியம்மா இதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் அடுப்பைத் தணித்தார். அதை உடன்பாடாகக் கொள்கிறேன்.

அடுக்குகளில் ஓரிடத்தில் முறிவு உண்டு. 2004 டிசம்பர் 26க்கு முந்தைய துணி குப்பத்தில் அபூர்வம். தண்ணீர் உள்ளே வந்து பீரோவையும் பெட்டியையும் ஒன்றாகப் புரட்டிப் போட்ட காலை அது. பழைய துணி பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி, சுனாமிக்கு முன்னாடியா அப்புறமா என்பதுதான். ஆயாவின் கைலி ஏப்ரன் தப்பியது, அன்று அது ஆயாவின் இடுப்பிலேயே இருந்ததால். ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மீன் ஆய உட்கார்ந்தவர், அப்படியே எழுந்து மேற்கே ஓடினார். இதற்கு மேல் இந்த அடுக்கைச் சுரண்ட ஆய்வாளருக்கு விருப்பமில்லை.

கடைத்தெரு ஏப்ரன் வேறு இனம். அதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். மீன் வெட்டித் தருபவர்கள் இடுப்பில் கட்டுவது பிளாஸ்டிக் ஷீட்டோ சாக்கோதான். லூப் சாலை ஓரக் கடைகளை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2023 ஏப்ரலில் அகற்றினார்கள், மறியல் நடந்தது. 2024 ஆகஸ்டில் 360 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். இடம் மாறியது, கூரை வந்தது, இடுப்பில் கட்டுவது மாறவில்லை. ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. வியாபாரத்துக்கு அதுதான் நல்லது. காலையில் யார் எவ்வளவு பேரம் பேசினார்கள் என்பதை வீடுவரை சுமந்து வர வேண்டியதில்லை. வீடு வந்ததும் அதை வாசலில் போட்டுவிட்டுத் துணி ஏப்ரனுக்கு மாறுகிறார்கள்.

கடைசியாக, பாகப்பிரிவினை. ஆயா காலமான பிறகு அவருடைய சேலைகளில் ஒன்றை ஏப்ரன்களாகத் தைத்துப் பேத்திகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பெரியம்மா மகளிடம் மிஷின் இருந்தது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்தது. ஐந்தரை மீட்டர் சேலை. முக்கால் மீட்டருக்கு ஒன்று வெட்டினால் ஏழு. பேத்திகளும் ஏழு. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததே ஆபத்தின் அறிகுறி. சேலையில் உடல் நெடுக ஒரே மாதிரி, முந்தானை மட்டும் ஒன்று. அது யாருக்கு? மூத்தவள் மூப்பைச் சொன்னாள். கடைக்குட்டி, ஆயா கடைசியில் தன் வீட்டில்தான் இருந்தார் என்றாள். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு 1989லேயே சட்டமாயிற்று. முந்தானையை எப்படிப் பங்கிடுவது என்று அச்சட்டம் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மா மகள் ஏப்ரன்களைக் கொஞ்சம் குறுக்கிவிட்டு, முந்தானையை ஏழு சதுரமாக வெட்டி ஏழு ஏப்ரனுக்கும் பையாக வைத்துத் தைத்துவிட்டாள். சில்லறை முடியும் வேலை இப்படி மீண்டும் முந்தானைக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு சதுரத்தில் மட்டும் ஜரிகை கூடுதலாக விழுந்துவிட்டது என்று ஒரு மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பைகளின் உள்ளடக்கம் பற்றித் தனி ஆய்வு தேவை. ஆயாவின் பழைய கைலி ஏப்ரன் பையில் கிடைத்தவை: ரப்பர் பேண்டு, துருப்பிடித்த ஊக்கு, பாதிப் பாக்கு, எழுத்து அழிந்த ரேஷன் ரசீது, ஒரு 25 காசு. நாணயங்களில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் காசைக் கண்டதும் பரவசமானார். 25 காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆகவே பை கடைசியாகப் புழங்கியது அதற்கு முன்பு என்று அடித்துச் சொன்னார். ஆயா அதற்குப் பிறகும் பல வருடம் அதே பையோடு சமைத்தார் என்று குடும்பமே சாட்சி சொல்லியும் அவர் அசையவில்லை. பெரியம்மா வந்து காசைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுவா? பெருங்காய டப்பா மூடி நெம்புறது இதாலதான்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு டப்பாவைத் திறந்தும் காட்டினார். நண்பர் இப்போது டப்பாக்களின் காலத்தை ஆராய்கிறார்.