ஐந்து சதவீத சாத்திரம்

கடன் அட்டையில் செலவழித்த தொகையில் ஒரு சிறு பங்கு அட்டைதாரருக்கே திரும்பி வருவதைக் கேஷ்பேக் என்பர். அமெரிக்காவில் 1986-இல் நாடெங்கும் அறிமுகமான டிஸ்கவர் அட்டை பரப்பிய இவ்வழக்கம் இன்று தனியொரு சாத்திரமாகவே வளர்ந்து நிற்கிறது. அதைக் கற்றுத் தேர்ந்தோர், ஒரு காலாண்டில் மளிகை, அடுத்ததில் பெட்ரோல் என மாறிவரும் 5 சதவீதச் சலுகைப் பிரிவுகளைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பார்த்து, மறவாமல் பதிவுசெய்து, 1,500 டாலர் என்னும் உச்சவரம்பை முட்டச் செலவழித்து, 75 டாலர் ஈட்டுவர். வரம்பை நிரப்புவதற்கென்றே வாங்கப்பட்ட பொருள்களின் விலை மட்டும் இக்கணக்கில் ஏறுவதில்லை. நிலுவையை முழுதும் கட்டத் தவறினால் ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும் வட்டி அந்த 75 டாலரை விரைவில் விழுங்கிவிடும் என்பது இச்சாத்திரத்தின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில் உள்ளது.

இப்பணம் வங்கியின் கருணையில் ஊற்றெடுப்பதன்று. ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடமிருந்து அட்டை வழங்கிய வங்கிக்குச் சேரும் இன்டர்சேஞ்ச் எனப்படும் பரிமாற்றக் கட்டணத்தின் ஒரு துண்டே அது. அக்கட்டணத்தைக் கடைக்காரர் எல்லார்க்குமான விலையில் ஏற்றிவிடுவதால், அட்டையே இல்லாதவரும் அதைச் சுமக்கிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் கணித்தபடி, ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை இழக்க, அட்டை தேய்க்கும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது. இக்கொடையாளர்களின் பெயர்களை மாதாந்திரப் பட்டியலில் அச்சிடும் வழக்கம் வங்கிகளுக்கு இல்லை.