கரவன் இலக்கணம்: கொக்கிளாய் முதல் கச்சதீவு ஈறாக

கரவன் என்பது யாதோவெனின், ஆளும் அடுக்களையும் ஒருங்கே உருளும் வண்டி என்க. இச்சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது தைப்பொங்கலன்று பின்னேரம், வட்ஸ்அப் வழியாக. நோர்வேயில் இருக்கும் மச்சான் பொங்கல் பானையைப் பார்த்து முடித்த கையோடு, "நீங்கள் எல்லாரும் ஒரு கரவனைப் பிடிச்சுக்கொண்டு ஏதும் ஒரு தீவுப் பக்கம் போய்ச் சும்மா காம்ப் அடிக்கலாமே, ஒரு சதம் செலவில்லை" என்றார். பக்கத்தில் இருந்த அம்மம்மா, "ஆர் அந்தக் கரவன்? எந்த ஊர்ப் பொடியன்?" என்று கேட்டா. இந்த ஆய்வின் தோற்றுவாய் இதுவே.

முதலில் சொல்லை ஆராய்வோம். கரவு என்றால் ஒளித்தல், வஞ்சகம். ஆகவே தமிழ் முறைப்படி கரவன் என்பவன் வஞ்சகன். அடுப்பையும் கட்டிலையும் கக்கூசையும் ஒரு பெட்டிக்குள் ஒளித்துவைத்திருப்பதால் பெயர் பொருந்தும் என்று வாதிடலாம், ஆனால் அது வாத்தியார்மாரின் வழக்கமான வேலை. உண்மையில் இது பாரசீகத்துக் 'கார்வான்'. அங்கே அதற்கு வண்டி என்ற பொருளே இல்லை. சேர்ந்து வழிபோகும் கூட்டம் என்றுதான் பொருள். பழந்தமிழில் சாத்து என்றார்களே, அதுதான். நோர்வேக்காரர் இதே வகை வண்டிக்கு 'பூபில்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், குடியிருக்கும் கார் என்று பொருள். மச்சானுடைய பூபிலில் மச்சானும் மனுசியும் மட்டும் போவார்கள். வேர்ச்சொல்லை மதிப்பவர் எவரும் அதைக் கரவன் என்று ஒப்பமாட்டார். பதினாலு சீற்று வானுக்குள் பதினேழு பேர் போனால்தான் அது கரவன். இந்த முடிவை மச்சானுக்கு அனுப்பினேன். நீல 'ரிக்' விழுந்தது, பதில் வரவில்லை.

வான் என்ற சொல்லுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். வன்னியில் அதற்கு மூன்று பொருள். ஒன்று ஆகாயம். ஒன்று குளம் நிரம்பி வழியும் இடம். மாரியில் "வான் பாயுது" என்று ஒருவர் கத்தினால் ஊர் குளக்கட்டுக்கு ஓடும். மற்றது வாடகைக்குப் பிடிப்பது. "வான் வருது" என்றால் ஊர் றோட்டுக்கு ஓடும். எந்தப் பொருளிலும் நாங்கள் ஓடுகிறோம் என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்தது தீவு. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த வரைவிலக்கணம் எங்களுக்கு உதவாது. கொக்கிளாய் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில். பெயரில் தீவு இருக்கிறது, சுற்றிவரக் கடல் இல்லை. அந்த மாவட்டம் இருப்பது வன்னிப் பெருநிலப்பரப்பில். பெயரில் பெருநிலம், ஆனால் அது கிடப்பது ஒரு தீவில். ஆக, தீவு நாட்டிலே, தீவு என்று பேர்கொண்ட மாவட்டத்திலே, கிழக்கே கடலும் தெற்கே களப்பும் இருக்கிற ஊரிலே குந்தியிருந்து, 'ஒரு தீவுக்குப் போவோமா' என்று கதைப்பது, மீன் குளிக்கப் போவதற்கு நாள் பார்ப்பது மாதிரி.

ஆனாலும் நாள் பார்த்தோம். நயினாதீவு முதலில் வந்தது, முதலில் போனது: அங்கே நாகபூசணி அம்மனும் அன்னதானமும் இருக்கும்போது காம்ப் எதற்கு? நெடுந்தீவில் குதிரை பார்க்கலாம், பெருக்கமரம் பார்க்கலாம், பவளக்கல் அடுக்கிய மதில்களுக்கு நடுவே நடக்கலாம். ஆனால் அங்கே சித்தப்பாவின் சம்பந்தி வீடு இருக்கிறது. தெரிந்தவர் வளவில் பாய் விரித்தால் அதற்குப் பேர் விருந்து, காம்ப் அல்ல. மிஞ்சியது கச்சதீவு.

கச்சதீவு 285 ஏக்கர். குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, இருப்பது புனித அந்தோனியார். 1905 இல் சீனிக்குப்பன் படையாச்சி என்ற இராமநாதபுரத்துக்காரர் கோயில் கட்டினார் என்பது வழங்கும் வரலாறு. இப்போதைய புதுக் கோயில் 2016 இல் திறந்தது. வருசத்தில் ஒருமுறை மாசி பங்குனியில் திருவிழா. வெள்ளி பின்னேரம் கொடி, சிலுவைப்பாதை. இரவு எல்லாரும் மணலில் படுக்கை. சனி காலை பூசை முடியக் கொடி இறக்கி, ஆளை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். 2025 இல் மார்ச் 14, 15. அந்தோனியாரின் உண்மையான திருநாள் யூன் 13. சோளகக் காற்றை அவரும் மதிப்பவர் போலும்.

இனி, சும்மா படுப்பதற்கான உரிமை பற்றி. நோர்வேயில் 1957 ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. வேலியடைக்காத வெளியில், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்தால் இரண்டு இரவுக்கு ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மச்சான் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது, சட்டத்தைத் தானே எழுதினவர் மாதிரி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. கச்சதீவுக்கு இருப்பது வெறும் உள்நாட்டுச் சட்டமல்ல, இரண்டு நாட்டு உடன்படிக்கை. 1974 ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் 5 ஆம் உறுப்புரைப்படி, இந்தியாவிலிருந்து வரும் யாத்திரிகருக்கு விசாவும் வேண்டாம், பயணப் பத்திரமும் வேண்டாம். ஒரு கூட்டம் பாயோடு வந்து மணலில் படுத்து எழும்பிப் போவதற்காக இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்றால், காம்ப் வரலாற்றில் இதற்கு மேல் ஒரு மரியாதை இருக்க முடியாது.

எங்கள் ஊரிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. கொக்கிளாய்க் களப்பு 1951 இலிருந்து பறவைகள் சரணாலயம். மாரியோடு பூநாரை வரும், வாத்து வரும், பேர் தெரியாத நெட்டைக்கால் சாமான்கள் எல்லாம் வரும்; எங்கிருந்து வருகிறாய், எத்தனை நாள் நிற்பாய், கிராம சேவகரின் கடிதம் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. சரணாலயமாகி 33 வருசத்தில், 1984 மார்கழியில், கொக்குக்கு விதித்த சட்டம் கொக்கிளாயாருக்கு இல்லை என்று தெரிந்தது. சனம் எழும்பி ஓடியது. திரும்பி வந்து பற்றை வெட்டியது 2009 க்குப் பிறகுதான். அந்த இடைக்காலத்திலும் பூநாரைகள் வழமைபோல வந்து போயிருக்கும்.

மற்ற முன்னோடி வாடி. மே தொடக்கம் மேற்குக் கரையில் கடல் குழம்ப, அங்கத்தைய மீனவர் அமைதியான கிழக்குக் கரைக்கு வந்து கடற்கரையில் கிடுகால் வாடி அடிப்பது பழைய வழக்கம். பருவம் முடியக் கலைவது வாடி. பருவம் முடிந்தும் கலையாத வாடிகள் பற்றித் தனிக் கட்டுரை எழுதவேண்டும். அதற்கு இந்தத் தொனி சரிவராது.

இந்தப் பின்னணியில் வேப்பமரத்தின் கீழ் திட்டமிடற் குழு கூடியது. தலைவர் சித்தப்பா. முதல் தீர்மானம் வழி பற்றியது: நாயாறு, செம்மலை, அலம்பில், முல்லைத்தீவு, வட்டுவாகல் பாலம், புதுக்குடியிருப்பு, பரந்தன், அங்கிருந்து ஏ9 ஆல் யாழ்ப்பாணம், பண்ணையால் இறங்கிப் புங்குடுதீவு, குறிகட்டுவான். ஒருவருக்கும் வரைபடம் தேவைப்படவில்லை. இதில் பெரும்பகுதியை எங்கள் வீட்டில் பலர் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்தே படித்தவர்கள், சிலர் நடந்து. எந்த இடத்தில் எந்த மரத்தின் கீழ் நிழல் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். மரம் இப்போது இருக்கிறதா என்பது வேறு விடயம்.

குறிகட்டுவானுடன் கரவனின் கதை முடிகிறது. யாழ்ப்பாணத் தீவகத்தில் 'பாதை' என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஓடுவது. கச்சதீவுக்குப் பாதை இல்லை, இரு பொருளிலும். வான் இறங்குதுறையில் நிற்கும், ஆட்கள் படகில் போவார்கள். ஆகவே, எந்த இடத்துக்கும் போகும், தீவுக்கு மட்டும் போகாத வண்டி எதுவோ அது கரவன் என்று எங்கள் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டோம்.

அடுத்தது தறப்பாள் கணிதம். வீட்டில் இருப்பது யூஎன்எச்சிஆர் எழுத்துப் போட்ட ஒன்று, மீள்குடியேறிய நாளில் தந்தது, பிறகு நெல் காயவைத்து நைந்தது. அளவு 4 மீற்றருக்கு 5, அதாவது 20 சதுர மீற்றர். ஒரு ஆள் படுக்க 1.8 க்கு 0.6 என்று வைத்தால் 1.08; பதினேழு பேருக்கு 18.36. மிச்சம் 1.64 சதுர மீற்றரில் செருப்பு, தண்ணிக் கான், கட்டுச்சோறு, மாமாவின் குறட்டை. கணக்குச் சரியாக வந்தது. அப்போது தம்பி ஒரு கேள்வி கேட்டான்: கீழே விரிக்கிறதா, மேலே கட்டுகிறதா? மேலே கட்டினால் கீழே மணல், கீழே விரித்தால் மேலே வான். குழு அன்றைக்குக் கலைந்தது.

கட்டுமானம் பற்றிய பகுதிக்குத்தான் களப் பரிசோதனை நடத்தினேன். தங்கச்சியையும் அம்மம்மாவையும் ஒரே நேரத்தில், ஓர் இரவு இரண்டு பகலுக்குச் சாமான் கட்டச் சொல்லி மணிக்கூட்டைப் பார்த்தேன். தங்கச்சி சில்லு வைத்த பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, எதை விடுவது என்று யோசித்தாள். இரண்டு மணித்தியாலம் கழித்தும் பெட்டி மூடவில்லை. அம்மம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. கழுவிக் காயவைத்த ஒரு யூரியா உரப்பையை எடுத்தா. அடியில் பாய், சுருட்டாமல் மடித்து. அதன் மேல் அரிசி, ஒரு துணிப்பையில். கேத்திலின் மூடியைத் திறந்து உள்ளே சீனிச் சரை, தேயிலைச் சரை, நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, நடுவில் ஒரு சின்னக் கத்தி. "கேத்திலுக்குள்ள காத்தைக் காவிக்கொண்டு போறதே, மோனை?" என்று என்னையே கேட்டா. சட்டிக்குள் பேணி, பேணிக்குள் உப்பு. புழுக்கொடியல் ஒரு பிடி, பக்கவாட்டில், நடந்துகொண்டே எடுக்கத்தக்கதாக. கடைசியில் வாயைக் கட்டின கயிறு வேண்டுமென்றே நீளம். அதுதான் தறப்பாள் கட்டும் கயிறு என்று பிறகு விளங்கியது. மொத்தம் ஏழு நிமிடம். அதற்குள் கோழிக்கூட்டையும் திறந்துவிட்டா. ஏன் என்று கேட்டேன். "கை பழகிப்போச்சு" என்றா.

இதைப் போன்ற கலையை நோர்வேயில் காசு கட்டிப் படிப்பிக்கிறார்கள் என்று மச்சான் பிறகு சொன்னார். எங்களுக்கு இலவசமாகவே வந்தது.

இங்கே ஆய்வாளருக்கு ஒரு தத்துவச் சிக்கல். தறப்பாளும் அதே, கேத்திலும் அதே, வழியும் அதே, மணலும் அதே. அப்படியானால் இடம்பெயர்வுக்கும் சுற்றுலாவுக்கும் வேறுபாடு எங்கே? தங்கச்சி உல்லாசம் என்றாள். சித்தப்பா காசு என்றார். அம்மம்மா குழு கூடின முதல் நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா, நாங்கள் காது கொடுக்கவில்லை: "எத்தினையாம் திகதி திரும்புறது?" சனிக்கிழமை பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று சொன்னேன். "சனிக்கிழமையோ?" என்று திருப்பிக் கேட்டா. ஓம் என்றேன். கலண்டரில் அந்தச் சனிக்கிழமைக்குக் கரியால் ஒரு புள்ளி வைத்தா. அதுவரை வாழ்க்கையில் எத்தனையோ தரம் சாமான் கட்டின மனுசி, திகதி குறித்துக் கட்டினது அன்றைக்குத்தான்.

அந்தோனியார் காணாமற்போன பொருள்களைக் கண்டெடுத்துத் தருபவர் என்பது உலக வழக்கு. நாங்கள் சைவம், ஆனாலும் பொருள் தொலைத்தவர்களுக்குள் சமய பேதம் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு வேண்டுதல் உண்டு. மாமாவுக்கு ஒரு சங்கிலி, மாமிக்கு ஒரு சிங்கர் தையல் மெசின், தம்பிக்கு அவன் போன மாதம் கடலில் விட்ட போன். அம்மம்மா தன் வேண்டுதலைச் சொல்லவில்லை. கேட்பதும் ஆய்வு நெறிக்கு உகந்ததல்ல என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வான்காரர் தலைக் கணக்குக் கேட்க வந்தார். பதினேழு என்றோம். பதினாலுதான் இடம், மூன்று பேர் மடியில் இருக்கவேண்டிவரும், மூட்டை முடிச்செல்லாம் மேலே கூரையில் கட்டலாம் என்றார். உரப்பையைத் தூக்கப் போனவர் அதன் வாயருகே பொலித்தீன் பை ஒன்று பிதுங்கி நிற்பதைக் கண்டு, இது நனையாதா என்று கேட்டார். உள்ளே காணி உறுதி, நாலாய் மடித்தது. ஓரிரவுப் பயணத்துக்கு உறுதி எதற்கு என்று சித்தப்பா சிரித்தார்.

அம்மம்மா பையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வான்காரரிடம் சொன்னா: "தம்பி, பதினெட்டு எண்டு எழுதும்."