நேர்வரிசை ஆறும் ரசிகர் ஆரூடமும்

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலையில் ஒருமுறைதான் பிறக்கிறது; அதன் என்ஜினோ ரசிகர்களின் வாயில் பல நூறு முறை பிறந்து, பல நூறு முறை மறுக்கப்பட்ட பிறகே பானட்டுக்குள் குடியேறுகிறது. வெளிவராத காரின் என்ஜினை முன்கூட்டியே அறிந்து சொல்லும் இக்கலையில் சான்று குறையக் குறைய உறுதி கூடுவதால், அதை அறிவியலோடு சேர்ப்பதைவிட ஆரூடத்தோடு சேர்த்து ஆராய்வதே பொருத்தம். அதன் இயல்புகள் அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட காலமாக, டொயோட்டாவின் ஐந்தாம் தலைமுறை சுப்ரா 2019 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் திரை விலகி நிற்கும்வரை நீடித்த ஐந்தாண்டு விவாதத்தைக் கொள்ளலாம்.

விவாதத்தின் வேர் முந்தைய தலைமுறையில் இருக்கிறது. 1993 முதல் 2002 வரை தயாரான நான்காம் தலைமுறை சுப்ராவின் உயர்ந்த வகை, 2ஜேஇசட்-ஜிடிஇ என்னும் 2,997 சிசி என்ஜினைக் கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்பதால் இவ்வமைப்பு ‘நேர்வரிசை ஆறு’ எனப்படும். முன்னுள்ள மூன்று பிஸ்டன்களின் அசைவைப் பின்னுள்ள மூன்றும் கண்ணாடியில் கண்டதுபோல் திருப்பிச் செய்ய, அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால், ஓடும் என்ஜினின்மேல் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டுவோரும் உண்டு. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் டர்போக்கள் அதில் இரண்டு இருந்தன; அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரிய டர்போவைப் பொருத்தி ஆயிரம் குதிரைத்திறன் வரை பிழிந்தெடுத்தபோதும் அதன் வார்ப்பிரும்பு உடல் தாங்கி நின்றது. 280 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் கொண்டிருந்த உடன்பாட்டின்படி, உள்நாட்டில் 280 என்று அறிவிக்கப்பட்ட அவ்வென்ஜின், கடல் கடந்ததும் சுமார் 320 ஆயிற்று. ஆகவே நிறுவனம் அச்சிடும் எண்ணை நம்பாதிருப்பது சுப்ரா ரசிகர்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது.

2014 ஜனவரியில் டொயோட்டா, அடுத்த சுப்ராவின் முன்னோட்டமாகக் கருதப்பட்ட எஃப்டி-1 என்ற மாதிரிக் காரைக் காட்டி, என்ஜின் விவரத்தை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது. ஆரூடத்துக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் வேண்டியதில்லை. தமிழ்த் தத்துவ நூல்கள் உண்மையை அறியும் வழிகளாகக் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளும் இங்கே குறைவின்றிக் கையாளப்பட்டன. காண்டலாவது, ஜெர்மனியில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளும் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில், கண்ணைக் கூசவைக்கும் கறுப்பு வெள்ளைச் சுழிகள் நிறைந்த உறையைப் போர்த்துக்கொண்டு ஓடும் சோதனைக் காரைத் தொலைவிலிருந்து படம்பிடித்து உற்று நோக்குவது. கருதலாவது, அப்படத்தில் பானட்டின் நீளத்தை அளந்து, உள்ளே எத்தனை சிலிண்டர் அடங்கும் என்று கணிப்பது. உரையாவது, விவரம் தெரிந்த ஒருவருக்கு வேண்டியவர் சொன்னார் என்பது. மூன்றிலும் மறுக்க முடியாதது இதுவே.

காண்டலின் கிளையாகிய கேட்டல் தனித்து நோக்கத்தக்கது. ஆறு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருளை வெடிக்கச் செய்யும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 300 வெடிப்பு. சிலிண்டர்கள் இரு சாரியாகச் சாய்ந்து நிற்கும் வி-6 என்ஜினுக்கும் இதே கணக்குதான். எனினும் பத்து நொடி ஒலிப்பதிவைக் கேட்டவுடன், பத்தியம் இருந்து நாடி பார்க்கும் வைத்தியரின் முகபாவத்தோடு ‘இது நேர்வரிசை’ என்று ஒரு சாராரும், ‘வி’ என்று மறுசாராரும் தீர்ப்பளித்தனர். லெக்ஸஸ் எல்எஸ் 500இன் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி-6 என்ஜினே வரும் என்பாரும் உளர். லெ மான் பந்தயத்தில் ஓடும் டொயோட்டாவைப் பின்பற்றி மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் என்பாரும் உளர். பழைய 2ஜேஇசட் மீண்டு எழும் என்பாரும் உளர். இவற்றுக்கான மறுப்புகளும் மறுப்பின் மறுப்புகளும் விரிவஞ்சி இங்கே விடப்படுகின்றன.

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் விடை, ஆராய்ச்சி தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே வெளியாகியிருந்தது என்பதே இதன் சுவை. ஸ்போர்ட்ஸ் காருக்கான பொதுக் கட்டமைப்பை இணைந்து உருவாக்கும் வாய்ப்பை ஆராயப்போவதாக டொயோட்டாவும் பிஎம்டபிள்யூவும் 2013 ஜனவரியில் பகிரங்கமாக அறிவித்திருந்தன. டொயோட்டா நேர்வரிசை ஆறைக் கைவிட்டு வி-6க்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன; பிஎம்டபிள்யூவோ அவ்வமைப்பைக் குலதெய்வமாகக் காத்துவந்தது. முடிவில் வந்தது, 2015 முதல் பிஎம்டபிள்யூ கார்களில் ஓடிக்கொண்டிருந்த பி58 என்னும் 2,998 சிசி என்ஜின். நிறுவனத்தின் குறியீட்டு முறைப்படி அப்பெயரிலுள்ள 5 என்ற எண் ஆறு சிலிண்டரைக் குறிக்கும். எண்களிலிருந்து உண்மையைத் துருவ முயன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடைத்திருக்காது. ஜப்பானியப் பெயரும் ஜெர்மானிய என்ஜினும் கொண்ட அக்காரை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மாக்னா ஷ்டையர் ஆலை, பிஎம்டபிள்யூ இசட்4 காரோடு சேர்த்துத் தயாரித்தது. பானட்டைத் திறந்தவர்கள் உள்ளே பல பாகங்களில் சம்பந்தி வீட்டு முத்திரையைக் கண்டு, சீர்வரிசையில் பித்தளை கலந்திருப்பதைக் கண்டவர்போல் முகம் சுளித்தனர்.

ஆயினும் ஆரூடம் அடியோடு பொய்த்தது என்று கூறுவது முறையாகாது. ரசிகர்கள் கேட்டது நேர்வரிசை ஆறு, கிடைத்ததும் நேர்வரிசை ஆறே. யார் வீட்டு ஆறு என்பதை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் 335 என்று அறிவிக்கப்பட்ட குதிரைத்திறன் அடுத்த ஆண்டே 382 ஆனதால், அச்சிட்ட எண்ணை நம்பாத பரம்பரைக் கொள்கைக்கும் பங்கம் நேரவில்லை. 2024 நவம்பரில் 300 கார்கள் மட்டுமே கொண்ட இறுதிப் பதிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த சுப்ராவுக்கு எந்த என்ஜின் என்ற ஆரூடம் அந்த அறிவிப்பு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அதில் ஈடுபடுவோர் ஒலிப்பதிவைக் கேட்பதற்கும் பானட்டை அளப்பதற்கும் முன்னால், நிறுவனம் தானே வெளியிட்ட அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.