வாத்தியார் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்

வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கப் புறப்படும் எங்கள் பெடியள் சான்றிதழ், விசா, உச்சரிப்புச் சோதனை என்று அலைந்து மெலிகிறார்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு நேர்முகப் பரீட்சையே இல்லை. மாணவரும் இல்லை என்பதுதான் சங்கடம். சோறும் துணியும் கொடுத்து, விடுதியில் வைத்துப் பிள்ளை சேர்த்தார்கள். காசு அனுப்பிய அமெரிக்கப் புண்ணியவான்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை! சாதகம் கணித்த சாத்திரியார் என்ன பாடுபட்டாரோ.

விசாத் தொல்லை அவர்களையும் விடவில்லை. 1820இல் வந்த அச்சுத்தொழிலாளர் கரெட்டை ஆங்கிலேய அரசு நாட்டைவிட்டே போகச் சொன்னது. அவருடைய ஆங்கிலத்தில் பிழையில்லை. அமெரிக்கர் என்பதுதான் பிழை.

1823இல் மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. படித்தவர்கள் சுவிசேஷம் சொல்லப் போவார்கள் என்று பார்த்தால், பலருக்குக் கச்சேரி உத்தியோகத்தில்தான் கண். மிஷன் மேலிடத்துக்கு மனம் கசந்தது. 1855இல் பூட்டு விழுந்தது. ஆனால் ஆங்கிலத்தின் சந்தை விலை அதற்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. மலாயாக் கந்தோர்கள், பிறகு நைஜீரியா, சாம்பியாப் பள்ளிக்கூடங்கள் என்று அதையே ஏற்றுமதி செய்தோம். அமெரிக்காவுக்கும் போகிறோம், அங்கேயோ முதலில் ஆங்கிலப் பரீட்சை எழுதிக் காட்டச் சொல்கிறார்கள்.